பூட்டு மகளின் போனுக்கு மட்டும்தானா?

செங்கல்பட்டு மாவட்டத்தில் வாழும் நமக்கு இணையம் எங்கோ தொலைவில் இருக்கிற பொருள் அல்ல. சிறுசேரி சிப்காட்டில் டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. நாம் அனுப்பும் படங்களும் பார்க்கும் காணொளிகளும் இப்படிப்பட்ட கட்டடங்களில்தான் சேமித்து வைக்கப்படுகின்றன. பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் மென்பொருள் நிறுவனங்கள். செங்கல்பட்டு நகரத்துக்குப் பக்கத்திலேயே மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. வண்டலூரில் மர்ஹூம் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984-ல் தொடங்கிய கிரசன்ட் கல்லூரியில் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போனால், அங்கே ஐபோன் தயாரிக்கும் ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் இளம்பெண்கள்.

உலகத்துக்குப் போன் செய்து கொடுக்கும் கை நம் பக்கத்துப் பெண்ணின் கை. அதே போன் அவளுக்கென்று சொந்தமாக இருக்கலாமா என்று கேட்டால் மட்டும் நம் மஹல்லாக்களில் பேச்சு நின்றுவிடுகிறது.

இது வெறும் நினைப்பு அல்ல, கணக்கிலும் தெரிகிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியதுண்டா என்று ஆண், பெண் இருபாலரிடமும் கேட்டார்கள். தமிழ்நாட்டில் ஆண்களில் 70.2 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். பெண்களில் 46.9 சதவீதம். இந்திய அளவில் அது 57.1-க்கு 33.3. படிப்பில் முன்னணியில் இருக்கிறோம் என்று பெருமைப்படும் நம் மாநிலத்திலேயே நூற்றுக்கு இருபத்து மூன்று இடைவெளி. கொரோனாவுக்குப் பிறகு போன் இல்லாத வீடு குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் வீட்டில் போன் இருப்பதும், அது யாருடைய போன் என்பதும் வேறு வேறு கேள்விகள்.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது தகப்பன்மார்கள் அடிக்கடி நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஹஜ்ரத், பெண்பிள்ளை காலேஜ் போறா, போன் வாங்கித் தரலாமா? மார்க்கத்தில் என்ன சொல்லுது?" கேட்பவரின் கவலையை நாம் குறைத்து மதிப்பதில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் "மகனுக்குப் போன் வாங்கித் தரலாமா?" என்று ஒருவர்கூட நம்மிடம் கேட்டதில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் மகன் கையில் போன் இருக்கும். அதற்கு ஃபத்வா தேவைப்படவில்லை.

இந்த ஒரு கேள்வி கேட்கப்படுவதற்கும் மற்றொன்று கேட்கப்படாமல் போவதற்கும் பின்னால் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. பெண் கையில் போன் வந்தால் ஃபித்னா வரும் என்பது ஒன்று. ஆணுக்கு எல்லாம் தெரியும், அவன் சமாளித்துக்கொள்வான் என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் மார்க்கம் என்ற பெயரில் சொல்லிக்கொள்கிறோம். இரண்டும் ஊர் வழக்கம்தான். அதிலும் முதல் நம்பிக்கை, போன் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதுகோலைப் பார்த்துப் பேசப்பட்டது.

ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இது தெரிந்த செய்தி. இமாம் ஹாகிம் அவர்களின் முஸ்தத்ரக்கில் ஓர் அறிவிப்பு வருகிறது. பெண்களுக்கு எழுதக் கற்றுத்தர வேண்டாம், நூல் நூற்கவும் அந்நூர் அத்தியாயத்தையும் கற்றுக்கொடுங்கள் என்பது அதன் கருத்து. இமாம் ஹாகிம் அதை ஸஹீஹ் என்றார்கள். இமாம் தஹபி அதை ஆய்ந்து, இது இட்டுக்கட்டப்பட்டது என்று தள்ளிவிட்டார்கள். மறுபக்கம் அபூதாவூதில் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் ஹதீஸ் இருக்கிறது. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பெண்மணி. நபி (ஸல்) அவர்கள் அதைக் குறை சொல்லவில்லை. அதை எடுத்துச் சொல்லி, இன்னொன்றையும் அவருக்குக் கற்றுக்கொடுக்கும்படி சொன்னார்கள்.

விஷயம் இத்தனை தெளிவாக இருந்தும், பெண் எழுதக் கற்கலாமா என்ற விவாதம் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் ஓயவில்லை. அவ்னுல் மஃபூத் என்ற அபூதாவூத் விரிவுரையை எழுதிய பீகார் அறிஞர் ஷம்சுல் ஹக் அழீமாபாதி 1911-ல் வஃபாத்தானவர். பெண்களுக்கு எழுத்துக் கற்பிப்பது கூடும் என்று நிறுவுவதற்கென்றே அவர் தனி நூல் எழுத வேண்டியிருந்தது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் கரீமா மர்வஸிய்யா என்ற பெண்மணியிடம் உட்கார்ந்து கத்தீப் பக்தாதி போன்ற மேதைகள் ஸஹீஹுல் புகாரியை ஓதினார்கள். அப்படிப்பட்ட உம்மத்தில், பெண் கடிதம் எழுதிவிடுவாளோ என்ற பயம் இருபதாம் நூற்றாண்டு வாசல் வரை வந்தது.

நம் தமிழகத்தில் மட்டும் வேறு மாதிரியா இருந்தது? நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்த நேர்ந்தவர். அவர் 1938-ல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் அதைப் பாராட்டி எழுதினார். ஆனால் முஸ்லிம் பெண் கதை எழுதுவதா என்று சொந்த ஊரில் எழுந்த முணுமுணுப்பை அவர் தாங்க வேண்டியிருந்தது. இன்று தமிழ் முஸ்லிம் இலக்கியம் பற்றிப் பேசும் மேடைகளில் நாம்தான் அவர் பெயரை முதலில் சொல்கிறோம். எழுதுகோல், பள்ளிக்கூடம், சைக்கிள், கல்லூரி பஸ் என்று ஒவ்வொன்றும் வந்தபோது இதே கேள்வி கேட்கப்பட்டது. இப்போது போனின் முறை.

இதை ஒரு முஸ்லிம் மாணவியே நீதிமன்றம் வரை கொண்டு போனார். கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் ஒரு கல்லூரி. பி.ஏ. ஆங்கிலம் படித்த ஃபஹீமா ஷிரின் அங்கே பெண்கள் விடுதியில் தங்கியிருந்தார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை போனை ஒப்படைக்க வேண்டும் என்று முதலில் விதி இருந்தது. பிறகு அதை மாலை 6 முதல் இரவு 10 என்று மாற்றினார்கள். அதாவது பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் நேரம். ஆண்கள் விடுதிக்கு அப்படி ஒரு விதி இல்லை என்பது அவருடைய வாதம். விதியை ஏற்க மறுத்ததால் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். தகப்பனார் மகளின் பக்கம் நின்றார். 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும், ஒழுக்கத்தின் பெயரால் அதைப் பறிக்க முடியாது, மாணவியை மீண்டும் விடுதியில் சேர்க்க வேண்டும் என்றார். நாடெங்கும் சட்ட மாணவர்கள் இன்று படிக்கும் வழக்கு அது. ஒழுங்கு வேண்டாம் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. ஒழுங்கு ஏன் எங்களுக்கு மட்டும் என்றுதான் கேட்டார்.

"நீங்கள் சொல்வது சரி ஹஜ்ரத், ஆனால் ஆபத்து உண்மையில் பெண்பிள்ளைகளுக்குத்தானே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இணையத்தில் நம் பெண்கள் குறிவைக்கப்படுகிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. 2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்', 2022 ஜனவரி முதல் தேதி 'புல்லி பாய்'. பொதுவெளியில் பேசிய முஸ்லிம் பெண்களின் படங்களை எடுத்து, அவர்களை 'ஏலம்' விடுவதுபோல் செயலி செய்தார்கள். பத்திரிகையாளர்கள், சமூகப் பணியாளர்கள், ஹனா மொஹ்சின் கான் என்ற விமானி என்று எத்தனையோ பேர் அதில் இருந்தார்கள். முதல் சம்பவத்தில் ஆறு மாதம் யாரையும் கைது செய்யவில்லை. அன்றே பிடித்திருந்தால் இரண்டாவது நடந்திருக்குமா என்ற கேள்விக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த நாட்களில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன பேசினோம் என்பதையும் யோசிக்க வேண்டும். செய்தவனைப் பற்றிய கோபத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு குரலும் கேட்டது: இவர்கள் ஏன் படம் போட்டார்கள்? பாடம் என்று நாம் எடுத்துக்கொண்டது மகளின் புரொஃபைல் படத்தை நீக்கச் சொன்னது மட்டும்தான். கைதானவர்கள் பெரும்பாலும் கல்லூரி வயதுப் பிள்ளைகள், படித்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஒருவர் 18 வயதுப் பெண். தீமைக்கு ஆண், பெண் என்ற அடையாளம் போட்டுவைத்திருக்கும் நம் கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது.

மார்க்கம் இந்த இடத்தில் எங்கே நிற்கிறது? அந்நூர் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். பெண்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று அந்த இட்டுக்கட்டப்பட்ட செய்தி சொன்னதும் இதே அத்தியாயம்தான். பார்வையைத் தாழ்த்தும்படி முதலில் கட்டளை வருவது யாருக்கு? 30-ஆம் வசனம் மூமினான ஆண்களுக்கு. 31-ஆம் வசனம்தான் பெண்களுக்கு. நம் பயான்களில் 31-ஐ எத்தனை முறை கேட்டிருக்கிறோம், 30-ஐ எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? போன் திரை வந்தபிறகு பார்வை பற்றிய கட்டளைக்கு எவ்வளவு வேலை கூடியிருக்கிறது என்று ஆலிம்களாகிய நாம் இளைஞர்களிடம் திறந்து பேசியிருக்கிறோமா?

அதே அத்தியாயம்தான் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரப்பப்பட்ட சம்பவத்தையும் பேசுகிறது. ஒரு பயணத்தில் ஒரு பெண் பின்தங்கிவிட்டார் என்ற ஒரு செய்தி. அதை வைத்து மதீனாவில் ஒரு மாதம் வாய்க்கு வாய் பேச்சு. இன்றைய ஃபார்வர்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அல்லாஹ் அங்கே அன்னையைப் பார்த்து நீங்கள் ஏன் பின்தங்கினீர்கள் என்று கேட்கவில்லை. கேள்விப்பட்டவர்களைப் பார்த்துத்தான் கேட்டான்: கேட்டவுடன் உங்களவர்களைப் பற்றி ஏன் நல்லெண்ணம் கொள்ளவில்லை? பத்தினிப் பெண்கள் மீது பழி சொல்லி நான்கு சாட்சிகள் கொண்டுவராதவனுக்கு எண்பது கசையடி என்ற சட்டமும் அந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது. ஒட்டுப்போட்ட படம் ஒன்றை 'பாருங்கள், இவள் யார் வீட்டுப் பெண்?' என்று குழுவில் தட்டிவிடும் விரல், தான் எந்த வசனத்துக்குக் கீழே வந்து நிற்கிறது என்று யோசிப்பதில்லை.

வீட்டில் நல்லெண்ணம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்தில் ஒரு துயரமான சம்பவம் இருக்கிறது. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பட்டதாரிப் பெண். யாரோ அவர் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டான். புகார் கொடுத்தும் படம் உடனே இறங்கவில்லை. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். தான் யாருக்கும் எந்தப் படமும் அனுப்பவில்லை, நம்புங்கள் என்பதுதான் அவர் எழுதி வைத்துவிட்டுப் போனதன் சாரம். வாழ வேண்டிய பிள்ளை கடைசியாகக் கேட்டது நம்பிக்கையை. குற்றவாளி பின்னால் பிடிபட்டான். அதனால் அந்த வீட்டுக்கு என்ன திரும்பி வந்தது?

மூன்று ஆண்டு கழித்து பொள்ளாச்சி. சமூக ஊடகத்தில் பழகி, நம்பவைத்து அழைத்துப் போய், படமெடுத்து மிரட்டிய கும்பல். எத்தனையோ பெண்கள் வாயைத் திறக்க முடியாமல் இருந்தார்கள். 2019 பிப்ரவரியில் 19 வயது மாணவி ஒருவர் தன் வீட்டில் சொன்னார். அவருடைய அண்ணன் தங்கையைக் குற்றம் சொல்லாமல் அவர்களைத் தேடிப் போனார். புகார் கொடுத்ததற்காகத் தாக்கப்பட்டார். அப்போதும் குடும்பம் பின்வாங்கவில்லை. பெண்ணின் அடையாளத்தைக் காவல்துறை அதிகாரியே வெளியில் சொன்ன அநியாயமும் நடந்தது. ஆனாலும் வழக்கு நின்றது, வேறு பெண்களும் சாட்சி சொல்ல முன்வந்தார்கள், ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது.

இந்த இரண்டு சம்பவங்களுக்கு இடையில் இருக்கும் தூரத்தைத்தான் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். மிரட்டுகிறவனின் முதலீடு படம் அல்ல. 'வீட்டில் தெரிந்தால் உன்னைக் கொன்றுவிடுவார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள், போனைப் பிடுங்கிவிடுவார்கள்' என்ற அந்தப் பெண்ணின் பயம்தான் அவனுடைய முதலீடு. ரகசியமாக வைத்திருக்கும் போனில் மிரட்டல் வந்தால் அவள் யாரிடம் சொல்வாள்? சொன்னால் இரண்டு குற்றம். போன் வைத்திருந்தது முதல் குற்றம், மிரட்டப்பட்டது இரண்டாவது குற்றம். மகளின் போனுக்கு நாம் போடும் பூட்டு எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் மிரட்டுகிறவனுக்குச் சாவியாகிவிடுகிறது.

இனி மகன் பக்கம் வருவோம். அவனுக்கு எல்லாம் தெரியும் என்றுதானே விட்டுவைத்தோம்.

ஆன்லைன் ரம்மி இந்த மாநிலத்தில் செய்த நாசத்தை மறக்க முடியாது. கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்தி வந்தபோதெல்லாம் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஐ.டி. ஊழியர், போலீஸ்காரர், கல்லூரி மாணவர், குடும்பத் தலைவர். 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, பிறகு தடை மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல் என்று அது ஒரு நெடும் போராட்டம். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்ற மாநில விதியை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டு வந்தது. மைசிர் என்று அல்மாயிதா அத்தியாயம் 90-ஆம் வசனத்தில் மதுவோடு சேர்த்து ஹராமாக்கப்பட்ட சூதாட்டம், நம் வீட்டுக் கட்டிலில் போர்வைக்குள் நடந்துகொண்டிருந்தது. எந்தத் தகப்பனும் வந்து 'ஹஜ்ரத், மகன் ராத்திரி முழுக்கப் போன் பார்க்கிறான்' என்று கேட்கவில்லை. பெண்பிள்ளை பார்த்திருந்தால் கேட்டிருப்பார்.

இன்னொன்று, வெளியில் பேசக் கூச்சப்படும் விஷயம், ஆனால் பேசியாக வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து ஒரு வீடியோ கால் வரும். எடுத்தால் மறுமுனையில் ஆபாசம். பார்த்துக்கொண்டிருப்பவனின் முகத்தைச் சேர்த்துப் பதிவு செய்துகொண்டு பணம் கேட்டு மிரட்டுவார்கள். ராஜஸ்தானின் பரத்பூர், அரியானாவின் மேவாத் பக்கத்திலிருந்து இதைத் தொழிலாகவே நடத்திய கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. அவர்கள் குறிவைப்பது ஆண்களைத்தான். 'ஆம்பிளைப் பிள்ளை இதுக்கெல்லாம் அழுவானா' என்ற பேச்சில் வளர்ந்த பையன் வீட்டில் சொல்ல மாட்டான். கடன் வாங்கிப் பணம் அனுப்புவான், அனுப்ப அனுப்ப மேலும் கேட்பார்கள். ஆக, பெண்ணைச் சந்தேகிக்கும் அதே நினைப்பு ஆணையும் வேறு வழியில் தனியாக விட்டுவிடுகிறது.

ஆணுக்குத் தெரியும் என்பதாவது உண்மையா? இந்தியர்கள் இணைய மோசடிகளில் 2024-ல் மட்டும் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அந்த ஆண்டு வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவரே 'டிஜிட்டல் அரெஸ்ட்' மிரட்டலில் 7 கோடி ரூபாய் பறிகொடுத்தார். போலி உச்ச நீதிமன்றத்தை வீடியோவில் நடத்திக் காட்டினார்கள். அவ்வளவு பெரிய தொழிலதிபருக்கே அந்த நிலை. 'பொம்பளைக்கு என்ன தெரியும்' என்று மனைவியிடம் மறைத்துச் செய்யும் முதலீடுகள் எத்தனை, மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தப்பியிருக்கக்கூடியவை எத்தனை!

நம் கடற்கரையில் கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ மீன் வாங்கப் போனால் இந்த ஏற்பாட்டின் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். விற்பவர் பெண். விலை பேசுவது, கழுவித் தருவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அந்த அம்மாதான். பலகையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு பல நேரம் மகனுடையதாகவோ வீட்டுக்காரருடையதாகவோ இருக்கும். காசு வந்ததா என்று தெரிந்துகொள்ள அந்த அம்மா நம் போனைத்தான் எட்டிப் பார்ப்பார். கோவளத்தில் தர்காவைச் சுற்றிக் கடை போட்டிருக்கும் நம் பெண்களுக்கும் இது பொருந்தும். உழைப்பு ஒருவருடையது, எண் இன்னொருவருடையது.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பணம் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும் என்று வைத்தது நல்ல ஏற்பாடு. ஆனால் வங்கிக் கணக்கில் சேர்த்திருக்கும் போன் எண் யாருடையது? ஓடிபி யார் கைக்கு வருகிறது? மஹர் பெண்ணின் சொத்து, அதில் கணவனுக்குக் கைவைக்க உரிமை இல்லை என்று நிக்காஹ் மேடையில் சொல்கிறோம். கதீஜா (ரலி) அவர்களின் வணிகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அதே மஹல்லாவில் வீட்டிலிருந்தே பிரியாணி மசாலாவும் புர்காவும் விற்கும் ஒரு பெண், ஆர்டர் எடுக்க மகன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருக்கிறார்.

அப்படியானால் கண்காணிப்பே வேண்டாமா என்றால், நாம் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் தாய் தகப்பன் பொறுப்பாளிகள், மறுமையில் விசாரிக்கப்படுவார்கள். ஆனால் பொறுப்பு வேறு, துருவிப் பார்ப்பது வேறு. ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கும் தஜஸ்ஸுஸ் சொந்த வீட்டுக்குள்ளும் தஜஸ்ஸுஸ்தான். மகள் தூங்கியபிறகு அவள் போனைத் திறந்து பார்ப்பவர், மகனுடைய போனின் பாஸ்வேர்டு என்ன என்றே தெரியாமல் இருப்பது கண்காணிப்பு ஆகாது. இரவு பத்து மணிக்குப் போன்கள் ஹாலில் சார்ஜரில் இருக்க வேண்டும் என்று வீட்டில் விதி வைக்கலாம். நல்ல விதி. அது மகளுக்கும் மகனுக்கும் பொருந்தட்டும். வாப்பாவின் போனும் அங்கேயே இருந்தால் பிள்ளைகள் தர்க்கம் செய்ய மாட்டார்கள்.

மகள் வந்து ஒரு விஷயம் சொன்னால் முதல் கேள்வி என்ன என்பதிலும் நாம் கொஞ்சம் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கிறது. 'நீ ஏன் அவனுக்கு நம்பர் கொடுத்தே?' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கண்டிக்க வேண்டியது இருந்தால் பிறகு கண்டிக்கலாம். முதலில் மிரட்டல் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது, பணம் அனுப்பாமல் இருப்பது, புகார் கொடுப்பது. சட்டம் இப்போது 2016-ல் இருந்த இடத்தில் இல்லை. அந்தரங்கப் படம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 விதிகள் சமூக ஊடக நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தின. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகள் பரவியபோது, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். சட்டம் தெரிந்த வழக்கறிஞருக்கே நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால், செங்கல்பட்டில் டிகிரி படிக்கும் நம் பிள்ளைக்குப் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டாமா? அந்த இடத்தில் ஜமாஅத் நிற்கலாம். தலாக், வாரிசு, வாடகை வழக்குகளுக்கு உட்காரும் நிர்வாகிகள், விவரம் தெரிந்த ஒரு பெண் வழக்கறிஞரையும் ஒரு ஆலிமாவையும் இதற்கென்று ஏற்பாடு செய்து வைக்கலாம். பெரிய செலவு எதுவும் இல்லை.

பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. பெண்களுக்கான உதவி எண் 181. மனம் உடைந்துபோய் யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலே கொடுக்க முடியும். தொழுகை நேர அட்டவணைக்குக் கீழே இந்த எண்களை எழுதி ஒட்ட ஒரு தாள் போதும். பெண்கள் வராத பள்ளிவாசலாக இருந்தால், மக்தப் விட்டுப் போகும் பிள்ளைகள் கையில் அந்தத் தாளின் நகலைக் கொடுத்தனுப்பலாம். மகன்கள் கையிலும்.